பொம்மைப் படைக்கு ஒரு வரலாறு

சதுரங்கப் பலகையில் யானையும் குதிரையும் தேரும் காலாளும் அணிவகுத்து நிற்பதை யாவரும் அறிவர். ஒரு பக்கத்துக்கு எட்டுக் காலாட்கள். அந்த எட்டுப் பேருள் ஒருவனுக்கேனும் பெயர் உண்டா? ஊர் உண்டா? அவன் வெட்டுண்டு பலகையை விட்டு நீங்கும்போது அவனுக்காக அழுவார் உண்டா? இல்லை. காலாள் என்பது ஓர் இலக்கமேயன்றி ஆள் அன்று. விளையாடுவோரும் அவ்வாறே கருதி அவனைப் பலி கொடுக்கின்றனர்.

இந்த நிலை மாறிய விளையாட்டு ஒன்று இன்று உலகின் பல நாடுகளில் இளைஞரையும் முதியோரையும் கவர்ந்து வருகின்றது. மேசையின்மேல் மலையும் காடும் கோட்டையும் அமைத்து, ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடிய உயரமுள்ள படைவீரர் பொம்மைகளை நிறுத்திப் பகடை உருட்டிப் போர் நடத்துவது அது. அந்தப் படைகள் சரித்திரத்தில் இருந்தவை அல்ல. பூதங்களும் மந்திரவாதிகளும் கற்பனை அரசர்களும் கொண்டவை. விளையாடுவோர் பொம்மைகளை வாங்கி, நுண்ணிய தூரிகையால் வர்ணந் தீட்டி, அத்துடன் நில்லாது ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு வாழ்க்கை வரலாறு புனைகின்றனர். இவன் எந்த ஊரான், எதனை இழந்து படையிற் சேர்ந்தான், யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தான் என்றெல்லாம் எழுதி வைக்கின்றனர். வயது வந்தோர் செய்யும் வேலையா இது என்று சிலர் நகைக்கலாம். ஆயினும் இவ்வழக்கத்தின் அடியில் மனித உள்ளத்தின் பழைய தேவை ஒன்று கிடக்கின்றது.

மேசைப் போர் முதலில் விளையாட்டாகத் தோன்றவில்லை. பிரஷ்ய நாட்டில் றைஸ்விற்ஸ் என்பவர் 1812ஆம் ஆண்டில் இதனைப் போர்ப் பயிற்சிக் கருவியாக அரசர் முன்னிலையில் வைத்தார். அவர் மைந்தர் 1824இல் அதனைத் திருத்தி அமைத்தார். அதில் ஒரு கட்டை ஒரு படைப்பிரிவைக் குறித்தது. தனி மனிதனுக்கு அங்கே இடமில்லை. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'லிற்றில் வார்ஸ்' என்னும் நூலை வெளியிட்டுப் பொம்மைப் போரை வீட்டுக்குக் கொண்டு வந்தார். உண்மைப் போரின் மடமையை எண்ணும்போது பொம்மைப் போரே மேல் என்ற கருத்தையும் அந்நூலின் இறுதியில் அவர் வற்புறுத்தினார். அடுத்த ஆண்டே முதலாம் உலகப் பெரும்போர் மூண்டது.

பின்னர் 1969இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் ஒரு புதுமை செய்தார். ஒரு கற்பனை ஊரை அமைத்து, விளையாடுவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி ஆளின் பாத்திரத்தையும் நோக்கத்தையும் கொடுத்தார். அவ்வழியே வந்தது 1974இல் கைகக்ஸ், ஆணசன் ஆகிய இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. இங்கிலாந்தில் 1983இல் 'வார்ஹாமர்' தோன்றியது. ஒரு பொம்மை ஓர் ஆயிரம் பேரைக் குறித்த காலம் போய், ஒரு பொம்மை ஒரு மனிதனைக் குறிக்கும் காலம் வந்தது. மனிதன் என்று கொண்டபின் அவனுக்குத் தாய் தந்தையர் இல்லாதிருத்தல் எவ்வாறு கூடும்?

இவர்கள் எல்லாருக்கும் முன்னமே இவ்வித்தையைக் கண்டறிந்த நால்வர் உளர், நால்வரும் குழந்தைகள். இங்கிலாந்தின் யோக்ஷயர்ப் பகுதியில் ஹாவொர்த் என்னும் மலைச் சிற்றூரின் பாதிரியார் பற்றிக் புறொன்ரே. 1821இல் அவர் மனைவி இறந்தார். 1825இல் மூத்த பெண்கள் இருவரும் இறந்தனர். அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் அவர் தம் மகன் பிறான்வெல்லுக்குப் பன்னிரண்டு மரப் போர்வீரர் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். மகனும், சார்லற், எமிலி, ஆன் என்னும் மகளிர் மூவரும் ஆளுக்கொரு வீரனை எடுத்துப் பெயரிட்டனர். சார்லற் தன் வீரனுக்கு வெலிங்டன் என்று பெயர் வைத்தாள். பிறான்வெல் தன் வீரனுக்கு நெப்போலியன் பொனப்பாட் என்று வைத்தான். பின்னர் அவ்வீரர்க்கு நாடு நகரம் அமைத்து, அவர்களே வாசிக்கத்தக்க அளவில் விரலகலப் புத்தகங்கள் எழுதினர். போரில் இறந்துபட்ட வீரரை அக்குழந்தைகள் தம் விளையாட்டில் மீண்டும் உயிர்ப்பித்தனர் என்பது கருதத்தக்கது. ஐந்தாண்டுக்குள் மூன்று மரணங் கண்ட வீட்டில், சாவை வெல்லக்கூடிய இடம் அந்தப் பெட்டி ஒன்றே. 1847இல் வெளிவந்த 'ஜேன் அயர்', 'உதறிங் ஹைற்ஸ்' என்னும் நாவல்களின் ஆசிரியைகள் சார்லற்றும் எமிலியுமே ஆவர்.

தமிழர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியம், போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு நிலையாக வகுத்தது. அக்கல்லில் பீடும் பெயரும் எழுதப்பட்டன. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக் கத்தி என்னும் வீரனுடன் அவன் நாயும் அதில் இடம் பெற்றுள்ளது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லே கூறுகின்றது. ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழிந்தும் ஒரு நாய்க்குப் பெயர் நிலைத்திருக்கின்றது!

இனி, இலங்கையின் மலைநாட்டுக்கு வருவோர் நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் இவ்வித்தையின் உயிருள்ள வடிவத்தைக் காண்பர். தோட்டத் தமிழ் மக்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்தபோது பெட்டியில் கொண்டு வந்த பொருள் சிறிது. நெஞ்சிற் கொண்டு வந்த கூத்து மூன்று. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்பன அவை. இவற்றுள் பொன்னர் சங்கர் கதை ஒரு போர்க் கதை. மூத்தவன் பொன்னர் பொறுமையன். இளையவன் சங்கர் சினத்தன். தங்கை அருக்காணி நல்லதங்காள். எதிர்ப்படை வேட்டுவர் படை. வேட்டுவரின் துணையாக வரும் காட்டுப் பன்றிக்கும் கொம்பன் என்று பெயர் உண்டு.

அக்கதையைப் பாடியவர் படைகளை இலக்கமாகக் காட்டி விடவில்லை. அண்ணன்மாரின் பாட்டன் காலத்திலிருந்து கதையைத் தொடங்கினர். பிள்ளையில்லாக் கொடுமையும், தாய் தாமரை செய்த தவமும், பங்காளிகள் இழைத்த வஞ்சனையும் முன்னே வந்த பின்னரே வாள் உறையை விட்டு வெளிவருகின்றது. பஞ்ச பாண்டவரே மறுபிறப்பாக வந்தனர் என்று பாடுவாரும் உளர். அண்ணன்மாரின் துணைவனான சாம்பவன் மன்னர் குலத்தவன் அல்லன். ஆயினும் அவனுக்கும் பெயரும் திறமும் கதையில் இடமும் உண்டு. எல்லாரும் பல்லக்கு ஏறினால் பல்லக்கைத் தூக்குவார் யார் என்பது பழமொழி. அந்தத் தூக்குவாரையும் கதை மறக்கவில்லை.

அண்ணன்மார் படுகளத்தில் வீழ்ந்தபின் தங்கை அவர்களைத் தேடிக் காடும் மேடும் அலைந்து வருகின்றாள். தெய்வ அருளால் அவர்களை எழுப்பிச் சிறிது நேரம் பேசுகின்றாள். பின் அவர்கள் மீளாது செல்கின்றனர். ஹாவொர்த்துக் குழந்தைகள் மரப்பொம்மைக்குச் செய்ததையே நல்லதங்காள் தன் உடன்பிறந்தாருக்குச் செய்தாள். இரவு முழுதும் பனியில் குந்தியிருந்து, தப்பு முழக்கத்தின் நடுவே இக்காட்சியைக் கண்டு கண்ணீர் விடும் தாய்மாருக்கு அந்த வீரர் பொம்மைகள் அல்லர். அவர்களுடைய வரலாறு தெரிந்தமையே அக்கண்ணீருக்குக் காரணம்.

கூத்து முடிந்த பின்னாட்களில் லயத்துச் சிறுவர் குச்சியை வாளாகக் கொண்டு அதே போரை மீண்டும் நடத்துவர். நான் சங்கர், நீ கொம்பன் என்று பங்கு பிரிப்பர். கொம்பனாக நின்றவன் தனக்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்துக் கொள்வான். பகைவனுக்கும் ஒரு வரலாறு உண்டு என்று சிறுவன் உணருமிடம் அது. போர் விளையாட்டு கற்பிக்கக்கூடிய பாடங்களுள் தலையாயது இதுவே.

நல்ல புனைவரலாற்றுக்குச் சில இலக்கணங்கள் உண்டு. முதலாவது, அது சுருக்கமாக இருத்தல் வேண்டும். நூறு போர் வென்றான் என்பதைவிடப் பெற்ற தாயிடம் சொல்லாமற் புறப்பட்டான் என்ற ஒரு செய்தி வீரனை உயிர்ப்பிக்கும். இரண்டாவது, அதில் ஒரு குறை இருத்தல் வேண்டும். சங்கருக்குச் சினமும் பொன்னருக்கு எளிதில் நம்பும் இயல்பும் இல்லையாயின் அக்கதை நகராது. மூன்றாவது, விளையாட்டு நிரப்புதற்கு வெற்றிடம் விடுதல் வேண்டும். பகடை தவறி விழுந்து வீரன் ஓடிப்போனால், அந்த ஓட்டமும் அவன் வரலாற்றில் ஏறும். முன்னரே யாவும் முடிவு செய்துவிட்டால் விளையாடுவதற்கு என்ன எஞ்சும்?

இத்துணையும் பொம்மையின் வரலாறு. பொம்மைக்குப் பெயரிட்டு மகிழும் உலகம் மனிதனை இலக்கமாக எண்ணியதும் உண்டு. அதற்குச் சான்று தேடி மலைநாட்டார் வெளியே செல்ல வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோட்டத்துக்குப் புறப்பட்ட தொழிலாளிக்கு ஒரு தகரத் துண்டு வழங்கப்பட்டது. தோட்டத்தின் குறியும் ஆளின் எண்ணுமே அதில் இருந்தன. அவன் எந்தக் கிராமத்தான், எந்தப் பஞ்சத்துக்கு அஞ்சி வந்தான், யாரை விட்டு வந்தான் என்பதைத் தகரம் சொல்லவில்லை. தோட்டத்தில் பிரட்டுக்களத்தில் நின்றவன் செக்ரோலில் ஒரு வரியானான்.

காலம் மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அதே மனிதனிடம் அவனுடைய வரலாற்றைக் கேட்டது. நீ இந்நாட்டிற் பிறந்தாய். உன் தந்தை இங்கே பிறந்தானா? இன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனரா? சான்று எங்கே? எண்ணாக மட்டும் பதியப்பட்டோரிடம் மூன்று தலைமுறைப் பத்திரம் கேட்கப்பட்டது. 1949ஆம் ஆண்டுச் சட்டம், மணமானோர் ஏழு ஆண்டும் ஆகாதோர் பத்து ஆண்டும் தொடர்ந்து வதிந்தமைக்கு ஆதாரம் வேண்டியது. பலரால் காட்ட இயலவில்லை. 1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்ப்போம் என்று ஒதுக்கியது. 1974இல் அவர்களும் பாதிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அந்த ஒப்பந்தங்களிலும் மக்கள் இலக்கமாகவே வந்தனர். நாடற்றோர் பிரச்சினைக்கு முடிவு காணும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

இக்காலம் முழுவதும் பெயரையும் வரலாற்றையும் காத்தவை எவை? தாலாட்டும் ஒப்பாரியும் கூத்துமே. மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை இதனை நன்கு உணர்ந்தவர். அவர் தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 'போர்ன் ரு லேபர்' என்னும் ஆங்கில நூலில் தோட்ட மாந்தரைத் தனி மனிதராக நிறுத்தி முகம் தீட்டினார். 2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றனர். முன்னோர் நடந்த வழியைக் காலால் அளந்து வரலாற்றை மீட்ட செயல் அது.

ஆகவே புனைவரலாறு எழுதும் இளைஞரை யாரும் தடுக்க வேண்டியதில்லை. பொம்மைக்குத் தாய் தந்தையைத் தேடத் தெரிந்த பிள்ளை, அயலானைக் கண்டாலும் இவனுக்கும் ஒரு கதை இருக்கும் என்று எண்ணக் கற்றுக்கொள்கின்றது. ஆனால் ஒரு வேறுபாட்டை அப்பிள்ளை அறிந்திருத்தல் வேண்டும். பொம்மையின் வரலாற்றைப் புனையலாம். மனிதனின் வரலாற்றைக் கேட்டே அறிதல் வேண்டும். பொம்மையின் கதை மறந்துபோனால் வேறொன்று எழுதிக் கொள்ளலாம். லயத்துத் திண்ணையில் அமர்ந்திருக்கும் அப்பாயியின் கதை மறைந்துபோனால் அதை ஈடு செய்வார் எவருமிலர்.

மேசைப் படைக்கு வரலாறு எழுதும் ஒவ்வொருவரும் அதே குறிப்பேட்டின் மறுபக்கத்தில் தம் பாட்டன் பாட்டியின் பெயரையும், அவர் புறப்பட்ட ஊரையும், வந்து சேர்ந்த தோட்டத்தையும், அவர் சொல்லிய ஒரு செய்தியையும் எழுதி வைப்பாராக. அதற்குக் கல் வேண்டாம், உளி வேண்டாம். ஒரு பென்சிலும் கேட்கும் பொறுமையும் போதும்.