இடைமறிக்கும் சாளரம்



வகுப்பில் ஆசிரியர் ஒரு கணக்கை விளக்கிக்கொண்டிருக்கிறார். பாதி வழி சென்றுவிட்டார். அப்போது சுற்றறிக்கை ஏட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அலுவலக உதவியாளர் வாயிலில் வந்து நிற்கிறார். ஆசிரியர் சுண்ணக்கட்டியைக் கீழே வைக்கிறார், 'நாளைப் பிற்பகல் விளையாட்டுப் போட்டி' என்று படிக்கிறார், கையெழுத்து இடுகிறார், மீண்டும் கணக்குக்குத் திரும்புகிறார். ஆனால், மாணவர்களின் மனம் அவருடன் திரும்புவதில்லை. அது விளையாட்டுத் திடலுக்குப் போய்விட்டது.

தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் இதனைப் பலமுறை கண்டேன். ஆகவே, சுற்றறிக்கை காலை வழிபாட்டிலோ, பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடங்களிலோதான் செல்லவேண்டும் என்று ஒரு விதி செய்தேன். அந்த விதியைச் செய்த நானே, ஓய்வு பெற்ற பின்னர் அதனை மீறினேன். அந்தத் தவற்றிலிருந்து கற்றதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இணையத்தளம் ஒன்றைத் திறக்கிறீர்கள். படிக்கத் தொடங்குமுன் வேறொரு சிறு சாளரம் எழுந்து பக்கத்தை மறைக்கிறது. 'பாப்-அப்' என்று வழங்குவது இதுவே. நான் பணியாற்றிய பள்ளிக்கும் ஓர் இணையத்தளம் உண்டு. நூலகக் கட்டடத்திற்கு நன்கொடை வேண்டி, அதில் வெளியிட ஒரு வேண்டுகோளை நான் எழுதினேன். தளத்தை அமைத்த இளைஞர் என் பழைய மாணவர். "ஐயா, பக்கத்தின் அடியில் சிறு பட்டையாக வைக்கலாமே" என்றார். "கண்ணில் படாத வேண்டுகோளால் என்ன பயன், தம்பி? நுழைந்தவுடன் முன்னால் நிற்கட்டும்" என்றேன் நான். அவ்வாறே நின்றது.

மாணவர் சேர்க்கைக் காலம் வந்தது. ஒருநாள் மாலை, பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒருவர் என் வீடு தேடி வந்தார். கையில் ஒரு சிறிய கைபேசி. "ஐயா, ஐந்நூறு ரூபாய் கட்டினால்தான் விண்ணப்பம் கிடைக்குமா? அவ்வளவு இப்போது என்னிடம் இல்லை" என்றார். வாங்கிப் பார்த்தேன். திரை முழுவதும் நான் எழுதிய வேண்டுகோளே நின்றது. மூடும் குறி மேல் மூலையில் கடுகளவாய் இருந்தது. அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கல்விக்குத் துணையாக நான் எழுதிய சொற்கள், ஒரு பிள்ளையின் கல்விக்குக் குறுக்கே நின்றன. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இந்தச் சாளரத்தின் வரலாறும் இத்தகையதே. 1990களில் அமெரிக்காவில் 'டிரைபாட்' என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய ஈத்தன் சக்கர்மன் என்பவர் இதற்கான நிரலை எழுதினார். தகாத செய்திகள் உள்ள பக்கத்திலேயே தம் விளம்பரமும் தோன்றுவதை விளம்பரதாரர் விரும்பவில்லை. எனவே, விளம்பரத்தைத் தனிச் சாளரத்தில் காட்ட அவர் வழி கண்டார். நோக்கம் தீயதன்று, ஆயினும் விளைவு தொல்லையாயிற்று. 2014இல் 'அட்லாண்டிக்' இதழில் எழுதிய கட்டுரையில் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார்.

தொல்லை பெருகியபோது மக்கள் வாளா இருக்கவில்லை. இச்சாளரங்களைத் தடுக்கும் உலாவிகள் தோன்றின. 2004இல் மைக்ரோசாப்ட் நிறுவனமும் தன் உலாவியில் அத்தடையைச் சேர்த்தது. பின்னர், தனிச் சாளரமாகத் திறவாமல் பக்கத்தின் மேலேயே படரும் வகை பரவிற்று. கைபேசியில் பக்கத்தை இவ்வாறு மறைக்கும் தளங்கள் தேடல் வரிசையில் பின்தள்ளப்படலாம் என்று கூகிள் 2016இல் அறிவித்து, 2017 சனவரி முதல் அதனை நடைமுறைப்படுத்தியது. பிறர் பொறுமையைச் செலவிட்டுப் பெறும் பயன் நெடுநாள் நில்லாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அப்படியானால், இச்சாளரமே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். தேர்வு விண்ணப்பத்தை நிரப்பிய ஒருவர் அதனைச் சேமிக்காமல் வெளியேற முற்படும்போது எழும் எச்சரிக்கை, அவர் உழைப்பைக் காக்கிறது. புயலால் பள்ளி விடுமுறை என்னும் அறிவிப்பு முன்னால் நிற்பது முறையே. வள்ளுவர் காலமறிதல், இடனறிதல் என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். இங்கும் வேண்டுவன அவ்விரண்டுமே.

முதலாவது, காலம். வந்தவுடன் கேட்காதீர்கள். வந்தவர் உங்கள் பக்கத்தைப் படித்துப் பயன் பெறட்டும், அதன்பின் கேளுங்கள். ஒருமுறை 'வேண்டாம்' என்றவரிடம் அடுத்த பக்கத்திலும் கேட்பது முறையன்று. அவர் விடையை நினைவில் கொள்ள, 'குக்கி' என்னும் சிறு குறிப்பை உலாவியில் பதிந்து வைக்க இயலும்.

இரண்டாவது, இடம். கணினியில் சிறிதாகத் தோன்றும் சாளரம் கைபேசியில் திரை முழுவதையும் விழுங்கிவிடும். அடியில் ஒரு பட்டையே போதும் என்றால் பட்டையோடு நில்லுங்கள். எதைப் படிக்க வந்தாரோ, அந்தப் பக்கத்தோடு தொடர்புடையதையே கேளுங்கள்.

மூன்றாவது, வெளியேறும் வழி. மூடும் பொத்தான் பெரிதாகவும் தெளிவாகவும் இருக்கட்டும். விசைப்பலகையில் 'எஸ்கேப்' விசையை அழுத்தினாலும் சாளரம் மூடவேண்டும். கண்பார்வை இல்லாதவர்கள் விசைப்பலகையையே நம்பியிருக்கிறார்கள் என்பதை மறவாதீர்கள்.

நான்காவது, சொல். மறுப்பவரை நாணச் செய்யும் சொற்கள் வேண்டா. 'எனக்கு ஏழைகள்மீது இரக்கம் இல்லை' என்று எழுதிய பொத்தானை அழுத்தினால்தான் மறுக்க முடியும் என்று வைப்பது அறமன்று. நம் நாட்டில் அது விதிக்கும் மாறானது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நுகர்வோரை ஏய்க்கும் முறைகள் 13ஐக் குறிப்பிடுகின்றன. இவ்வாறு நாணச் செய்வதும், ஓயாது நச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும்.

மறுநாளே அந்த இளைஞரை அழைத்து, என் வேண்டுகோளை முகப்பிலிருந்து எடுக்கச் சொன்னேன். நூலகத்தின் வரலாற்றைக் கூறும் பக்கத்தின் இறுதியில் அதனை வைத்தோம். முன்போல் எல்லாருடைய கண்ணிலும் அது படுவதில்லை என்பது உண்மையே. ஆயினும், அதனைக் காண்பவர் நூலகத்தைப் பற்றி இறுதிவரை படித்தவர். கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறார். என்னைத் தேடி வந்த அந்தத் தந்தையின் மகள் இன்று அதே பள்ளியில் படிக்கிறாள்.

உங்களுள் பலர் நாளை இணையத்தளங்கள் அமைப்பீர்கள். ஒருவரின் கவனம் அவருடைய உடைமை. அதனை நாம் கேட்டுப் பெறலாம், பறிக்கலாகாது. வாயிலில் வந்து நின்ற அலுவலக உதவியாளரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கூட, 'உள்ளே வரலாமா?' என்று கேட்டபின்புதான் வகுப்புக்குள் வருவார்.