குழையும் கூட்டெருவும்



யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியில் உள்ளது நெல்லியடி. அங்குள்ள சந்தையிலே காலைப்பொழுதிற் குவியும் வெங்காயத்தையும் கத்தரிக்காயையும் காண்போர், இவற்றை ஈன்ற நிலம் இயல்பாகவே கொழுத்த நிலமாதல் வேண்டும் என எண்ணுதல் கூடும். உண்மை அதற்கு மாறானது. குடாநாட்டிலே பேராறு இல்லை. வண்டல் கொணர்ந்து சேர்க்கும் வெள்ளமும் இல்லை. சுண்ணாம்புக்கற் பாறையின்மேற் போர்வைபோலப் படிந்த மண்ணே கமக்காரரின் முதல். சில வளவுகளில் மண்வெட்டி ஒரு முழம் இறங்குமுன்னரே கல்லில் மோதும். ஆண்டு முழுவதும் வெப்பம் மிக்க இடமாதலால், மண்ணில் இட்ட உக்கல் விரைவிற் சிதைந்து மறைகின்றது. ஒருமுறை எருவிட்டுப் பல்லாண்டு வாளாவிருத்தல் குளிர்நாட்டாருக்கு ஒருவேளை இயலும், வடமராட்சியில் இயலாது.

முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியன வேலியாய் நின்று வளவைக் காத்தன. கதியால்களில் தழைத்த குழையை வெட்டித் தோட்டத்தில் தாழ்த்தினர். வேலியடைத்த பனையோலை பழுதானதும் எறியப்படவில்லை. அதனைக் கிழித்து மண்ணுள் புதைத்தனர். அறுவடை முடிந்த நிலத்தில் மாட்டுப் பட்டி அடைத்தனர். கடலோரத்தார் கரையொதுங்கிய சாதாளையை மழையில் உப்புக் கழியவிட்டுப் பயன்கொண்டனர். வேலி என்பது எல்லை மட்டுமன்று, எருக்களஞ்சியமும் ஆகும் என்பதை இன்று எத்தனை பேர் நினைக்கின்றனர்? வேலி இருந்த இடத்தில் மதில் எழுந்துவிட்டது. மதில் அழகியதுதான், ஆனால் அது குழை தருவதில்லை. உழவு இயந்திரம் வந்தபின் மாடும் அருகிற்று.

அவ்விடத்தை நிரப்ப வந்தது யூரியா. பயிர் உடனே கருமையுற்றுத் தழைப்பதால் ஒரு பிடிக்கு இரு பிடி தூவும் வழக்கம் பரவியது. பயிர் கொள்ளாத நைதரசன், நைத்திரேற்றாக மாறிப் பாசன நீருடன் கீழிறங்குகின்றது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் அதனைத் தடுப்பதில்லை. தோட்டத்துக்கு இறைப்பதும் வீட்டார் குடிப்பதும் ஒரே நிலத்தடி நீரன்றோ? குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அவ்வரம்பு கடந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. பால்மாவை இந்நீரிற் கரைத்து ஊட்டும் பச்சிளங் குழந்தைக்கே இதனால் ஆபத்து மிகுதி; குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி உடல் நீலம் பாரித்தலும் உண்டு.

அப்படியாயின் யூரியாவை ஒரே நாளிற் கைவிட்டுவிடலாமா? அந்தச் சோதனையை நாடு கண்டுவிட்டது. 1990களில் யுத்தத்தின் காரணமாக யூரியா வடக்கிற்குத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. பின்னர் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி இலங்கை முழுவதற்கும் தடுக்கப்பட்டது. விளைச்சல் வீழ்ந்து, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். 50 கிலோகிராம் யூரியா மூட்டையில் நைதரசன் 23 கிலோகிராம். கூட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் எனக் கொண்டால், அம்மூட்டைக்கு ஈடாக இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட கூட்டெரு வேண்டும். கட்டளை பிறந்த மறுநாளே அத்தனை எருவை எவர் உண்டாக்குவார்? கூட்டெரு மூட்டைக்கு மூட்டை மாற்றுப்பொருள் அன்று. மண்ணின் நீர் தாங்கும் ஆற்றலையும் ஊட்டத்தைப் பற்றிவைக்கும் ஆற்றலையும் போகத்துக்குப் போகம் வளர்ப்பதே அதன் தொழில். அவ்வாற்றல் வளர வளர, யூரியாவின் அளவு தானே குறையும். கிணற்றுக்கு இறங்குவதும் குறையும்.

ஐப்பசி மழையோடு நடுகை செய்ய விரும்புவோர் ஆடியிலேயே எருவுக்கு அடியிடல் வேண்டும். அது சோளகக் காற்று வீசும் காலம். நிலத்தின்மேற் குவித்த குவியல் உலர்ந்து உக்காமற் கிடக்கும். ஆகவே கோடையில் மரநிழலிற் கிடங்கு. மாரியில் மேட்டிற் குவியல். எதுவாயினும் கிணற்றுக்கு அயலில் வேண்டாம். முதலிற் சருகு, வைக்கோல், வாழைத்தடல் போன்ற உலர்பொருளை அரையடி பரப்புக, அதன்மேற் சீமைக்கிளுவைக் குழை, புல், அடுப்படிக் கழிவு, அதன்மேற் சாணக்கரைசல். இவ்வாறே அடுக்கி நீர் தெளித்துப் பனையோலையால் மூடுக. கைநிறைய எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி சிந்தும் ஈரமே போதும். நீளமும் அகலமும் உயரமும் ஒவ்வொரு மீற்றரேனும் இல்லாவிடிற் சூடு பிடிக்காது. சில நாளில் ஒரு தடியைச் செருகி எடுத்துத் தொட்டால் கை சுடும். அச்சூட்டிலேதான் களைவிதை மடிகின்றது. மூன்று வாரத்திற் கிளறி மேலது கீழாக்குக. பின் மாதம் ஒருமுறை. பனையோலையை நறுக்காது இட்டால் மற்றவை உக்கியபின்னும் அது ஓலையாகவே இருக்கும். நோய்கண்ட தக்காளிச் செடியையும் பொலித்தீனையும் கிடங்கு காணலாகாது.

பிற நாட்டு நூல்கள் சில, எருக்குவியலிற் சுண்ணாம்பு தூவச் சொல்லும். அது புளித்த மண்ணுக்குரிய மருந்து. சுண்ணாம்புக்கல்லின்மேல் வாழ்வோருக்கு அது வேண்டியதன்று. அடுப்புச் சாம்பலையும் அளவோடே இடுதல் நன்று.

மூன்று மாதத்தில் எரு கருநிறமாகி, முதல்மழை பெய்த மண்ணின் மணம் வீசும். அழுகல் நாற்றமோ சூடோ இருந்தால் இன்னும் பக்குவமில்லை. அரைகுறையாக உக்கியதை இட்டால், அதை உக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனையே எடுத்துக்கொள்ள, நாற்று மஞ்சளிக்கும். பழி கூட்டெருவின்மேல் விழும். மரக்கறித் தோட்டத்துக்கு எக்டேயருக்குப் பத்துத் தொன் என்பது பொதுவான அளவு. அதாவது ஒரு பரப்புக் காணிக்கு ஏறத்தாழ 250 கிலோகிராம். நடுகைக்கு இரு வாரம் முன்னதாகப் பரப்பி, மேல் அரையடி மண்ணோடு கொத்திக் கலந்து, பின் பாத்தி கட்டுக. அவ்வளவு எரு இல்லாதவர் காணி முழுவதும் தூவிச் சிதறடிக்காமல், கத்தரி, மிளகாய் நடும் குழிகளில் மட்டும் இரண்டு கைப்பிடி வீதம் இடலாம். வெறுமையான கிடங்கில் அன்று மாலையே அடுத்த சருகு விழட்டும்; மாரி தொடங்கி அது நீரால் நிரம்புமாயின், அதே சருகை அருகிலுள்ள மேட்டுக்கு மாற்றிக் குவித்துக்கொள்ளலாம்.