ஏட்டைப் பூசித்தலும் ஏட்டைப் பேணலும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



எமது சங்கத்தார் சோழநாட்டுத் தலங்களுக்கு மேற்கொண்ட யாத்திரையைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்தார். தலங்களின் மகிமையை என்னினும் நன்கறிந்த பெரியோர் இச்சபையிலே வீற்றிருக்கின்றனர். ஆதலின் அவ்யாத்திரையிலே நாம் கண்ட ஒரு நூதனசாலையைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன். அது தஞ்சாவூர் அரண்மனையினுள்ளே சரசுவதி மகால் நூல்நிலையத்தைச் சேர்ந்து விளங்குவது.

நாயக்க மன்னர் காலத்திலே தோன்றிய அந்நூல்நிலையம், 1798 முதல் 1832 வரை இருந்த மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசியாலே பெருவளர்ச்சி பெற்றது. 1918ஆம் ஆண்டிலே பொதுமக்களுக்குரியதாயிற்று. வடமொழி ஏடுகளே அங்கு மிகுதி. தமிழ், தெலுங்கு, மராட்டி ஏடுகளும் உள. கண்ணாடிப் பேழைகளுக்குள்ளே அவை கட்டுக்கட்டாக வைக்கப்பட்டிருக்கின்றன.

அவ்வோலை நமக்குப் புதிதன்று. நம் தீவுகளிலே வேலியும் கூரையும் வேய்கின்ற அதே பனையோலைதான். இளம் ஓலையைப் பதப்படுத்தி, ஓரளவாக நறுக்கித் துளையிட்டு, எழுத்தாணியாற் கீறி, கீறிய இடத்திலே மை தடவினால் அது ஏடாகின்றது. ஆனால் அதற்கும் வயதுண்டு. செல்லும் ஈரமும் படப்பட இரண்டு மூன்று நூற்றாண்டுகளிலே அது உதிர்ந்துவிடும். அதற்குள் ஒருவர் அதனைப் பார்த்து வேறோர் ஏட்டில் எழுதினாலன்றி நூல் பிழைக்க மாட்டாது. இன்று நாம் ஓதும் தேவாரம் பெரும்பாலும் அவ்வாறு கைமாறிக் கைமாறி வந்ததே.

அங்கே எம்மைத் திடுக்கிடச் செய்தது ஒன்றுண்டு. எம்முடன் வந்தோர் யாவரும் தமிழ் கற்றவர்களே. பண்ணோடு திருமுறை ஓதுவோரும் இருந்தனர். எனினும் ஒரு தமிழேட்டின் ஓரடியைத்தானும் தடையின்றி வாசிக்க எம்முள் எவராலும் இயலவில்லை. ஓலை கிழியுமென்று அஞ்சி முன்னோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரத்தையும் ஏகாரத்தையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. சொல்லுக்குச் சொல் இடம் விடுவதுமில்லை. நம் பாட்டனார் வாசித்ததை நாம் வாசிக்க மாட்டாதவர்களாய்க் கண்ணாடிக்கு வெளியே நின்றோம்.

சரபோசி மன்னர் சுவார்த்சு பாதிரியாரிடம் கல்வி கற்றவர். ஆயினும் சைவத் தலங்களைப் போற்றியவர். 1820ஆம் ஆண்டை அடுத்துக் காசி யாத்திரை சென்றபோது, அங்கிருந்து பெருந்தொகையான ஏடுகளைத் தேடிக் கொணர்ந்தார். நாமும் யாத்திரை போகின்றோம். விபூதியும் குங்குமமும் கொண்டுவருகின்றோம். அம்மன்னர் ஒரு நூல்நிலையத்தையே கொண்டுவந்தார்.

யானும் மிஷன் பாடசாலையிலே பயின்றவன். அங்குக் கற்றவர்க்குச் சமயப்பற்று நிலையாது என்று பெரியோர் சிலர் ஐயுறுவதுண்டு. நம் நாட்டு வரலாறு வேறுவிதமாகச் சொல்லுகின்றது. ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். அச்சின் வலிமையைக் கண்டறிந்த அவர், 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து, ஏட்டிலிருந்த நூல்களை அச்சேற்றினார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்றவர். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானவர். 1887இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து மீட்டுத் தந்தவரும் அவரே. எங்கே கற்றோம் என்பதிலும், கற்றதை எதற்காக்கினோம் என்பதே பெரிது.

இனிப் பெரியோர்களிடம் பணிவுடன் ஒன்று சொல்வேன். சிதம்பரத்திலே மூவர் தேவாரம் ஓரறையிலே பூட்டிக் கிடந்ததையும், இராசராச சோழரும் நம்பியாண்டார் நம்பியும் அதனைத் திறப்பித்தபோது பெரும்பகுதி செல்லரித்திருந்ததையும் நாம் மரபாகக் கேட்டிருக்கின்றோம். அவ்வறை பகைமையாற் பூட்டப்பட்டதன்று, பக்தியாற் பூட்டப்பட்டது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலே பழைய ஏடுகளை நெய்யிலே தோய்த்து ஓமத்தீயில் இட்ட செய்தியை உ. வே. சாமிநாதையர் மனம் நொந்து எழுதியுள்ளார். அதுவும் பக்தியாற் செய்ததே. பூசித்தல் மட்டும் ஏட்டைக் காவாது. வாசித்தலும் படியெடுத்தலுமே காக்கும்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே பராக்கிரமபாகு மன்னரின் தமிழ்க் கல்வெட்டு ஒன்றுண்டு. பிறநாட்டார் ஊராத்துறையிலே வந்திறங்க வேண்டுமென்றும், உடைந்த கப்பலின் பொருளிலே அரசுக்கு எவ்வளவு, உடையவனுக்கு எவ்வளவு என்றும் அது விதிக்கின்றது. 12ஆம் நூற்றாண்டுச் சொல்லைக் கல் காத்துத் தந்தது. ஓலைக்கு அவ்வலிமை இல்லை. 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 1990இலே நம் தீவகத்து மக்கள் கையிலகப்பட்டதோடு வீடு வாசலை விட்டுப் பெயர்ந்தனர். குழந்தையைத் தூக்குவோமா, பெட்டகத்து ஏட்டைத் தூக்குவோமா என்றால், குழந்தையைத்தான் தூக்க வேண்டும். அவர்மேற் குற்றமில்லை. ஆனால் எஞ்சியவற்றை இனி இழந்தால் அது நம் குற்றமேயாகும்.

வைத்தியம், சோதிடம், புராணம், கோயிற் பதிகம் என வேலணையிலோ புங்குடுதீவிலோ நெடுந்தீவிலோ எந்த வீட்டுப் பெட்டகத்தில் எது கிடக்கின்றதென்று யார் அறிவார்? இளைஞர்களே, அடுத்த நவராத்திரிக்கு முன் நாம் வீடுவீடாகச் சென்று விசாரிப்போம். ஏட்டைப் பறித்துக்கொண்டு வர வேண்டுவதில்லை. கட்டை வலிந்து பிரிக்கவும் வேண்டா. உடையவர் பெயரையும் ஏட்டின் நிலையையும் குறித்துவந்தாற் போதும். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தார், ஓலைச்சுவடிகளையும் படமெடுத்து இணையத்திலே சேமித்து வருகின்றனர். உடையவர் இசைந்தால் அவர்களை அழைப்போம். ஏடு வீட்டிலேயே இருக்கும், அதன் படி உலகெங்கும் இருக்கும்.

பெரியோர்களே, உங்களுள் ஏடு வாசிக்க வல்லார் இருப்பின், வாரம் ஒருநாள் எமக்கு அதனைக் கற்பித்தருளுங்கள். பாய் விரிப்பதும் விளக்கேற்றுவதும் எம் பொறுப்பு. வரும் சரசுவதி பூசையிலே நாம் கும்பத்தின்முன் வைக்கும் ஏட்டை, வைப்பதற்குமுன் ஒருவராவது வாசித்துக் காட்டுவாராக.