ஒரு கண்மாய்க்கு மூன்று அலுவலகம்

(அருப்புக்கோட்டை வட்டாரத்தில் உழவரும் ஊராட்சிப் பணியாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நான் தஞ்சைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவன். சில ஆண்டுகளுக்கு முன்னர்த் திருச்சுழி வட்டத்தில் சிறிது கரிசல் நிலம் வாங்கிக் குடியேறினேன். புதிதாக வந்தவன் கண்ணில் பட்டவற்றைக் கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். உள்ளூர்க்காரர் வழி கேட்பதில்லை. புதியவனோ ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கேட்கவேண்டியவனாகிறான். அவ்வாறு கேட்டு நான் அறிந்தவற்றுள் உங்கள் ஊருக்குப் பயன்படத்தக்க ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

காவிரிப் பாசனத்தில் மேட்டூர் அணை திறக்கும் நாளை வைத்து உழவன் தன் வேலையைத் திட்டமிடுவான். இந்நாட்டில் அத்தகைய நாள் இல்லை. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லி மீட்டர். அதில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி, கார்த்திகையையொட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. குண்டாற்றில் நீர் ஓடுவது சில நாட்களே. அந்த நீரைத் தேக்கி வைப்பதற்காக முன்னோர் கண்மாய்களைத் தொடராக அமைத்தனர். மேலக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழக் கண்மாய்க்கு வரத்து உண்டு. நான் குடிவந்த முதல் ஐப்பசியில், பக்கத்து நிலத்துப் பெரியவர் என்னைக் கண்டதும், "தம்பி, மேலக் கண்மாய் மறுகால் பாஞ்சுதா?" என்றுதான் கேட்டார். நலம் விசாரித்தது அதற்குப் பின்னரே.

அவ்வாண்டு மறுகால் பாய்ந்தது. எனினும் எங்கள் கண்மாய்க்கு நீர் வந்து சேரவில்லை. வரத்துக்காலில் சீமைக் கருவேலம் மண்டி, மண் மேடிட்டுக் கிடந்தது. அம்மரத்தை முற்றிலும் பழிப்பதற்கும் இல்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் திருச்சுழி, நரிக்குடிப் பகுதிகளில் பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது கரிமூட்டத் தொழிலே. ஆயினும் மரத்திற்கு உரிய இடம் வேறு, நீருக்கு உரிய இடம் வேறு அன்றோ?

அண்டையிலுள்ள கமுதி வட்டத்து வல்லந்தையில், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், பஞ்சாபிலிருந்து வந்த உழவர்கள் கருவேலம் மண்டிய தரிசுகளை வாங்கித் திருத்திப் பழத்தோட்டங்கள் ஆக்கினர். அவர்தம் உழைப்பு போற்றற்குரியது. ஆனால் அவர்கள் திருத்தியது தங்கள் பட்டா நிலத்தை. கண்மாயும் வரத்துக்காலும் யாருடைய பட்டாவிலும் அடங்குவன அல்ல. அவற்றைத் திருத்தக் கையில் பொருளும் மனத்தில் ஊக்கமும் இருந்தால் போதாது. அரசின் வாயிலில் நின்றாக வேண்டும்.

அந்த வாயில் எது என்பதைக் கண்டறியவே எனக்கு ஓராண்டு சென்றது. ஓர் அலுவலகத்தில், "உங்கள் கண்மாய் எங்கள் பொறுப்பு, மேலக் கண்மாய் எங்களுடையது அன்று" என்றனர். மற்றோர் அலுவலகத்தில், "மேலக் கண்மாய் எங்களுடையது, ஆனால் ஆக்கிரமிப்பை அளந்து காட்டவேண்டியவர் வருவாய்த் துறையினர்" என்றனர். மூன்றாவது இடத்தில், "மனுவில் புல எண் இல்லையே" என்றனர். மூவர் கூறியதும் உண்மையே. 100 ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையைச் சார்ந்தவை. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. புறம்போக்கின் எல்லையும் கணக்கும் வட்டாட்சியரிடம். நீர் ஒன்றாக ஓடுகிறது. கோப்புகளோ மூன்றாகப் பிரிந்து கிடக்கின்றன. அவற்றை ஒன்று சேர்க்க வல்லது ஊரே.

அதற்குரிய இடம் கிராம சபை. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்னும் நான்கு நாட்களோடு, 2022 ஆம் ஆண்டில் மார்ச்சு 22, நவம்பர் 1 என்னும் இரண்டும் சேர்க்கப்பட்டன. நான் கண்ட தீர்மானங்கள் பலவும், "வரத்துக்காலைச் சீர்செய்ய அரசைக் கேட்டுக்கொள்கிறோம்" என்ற ஒரு வரியோடு முடிந்தன. இதைப் பெறும் அலுவலர் என்ன செய்ய இயலும்? எந்தக் கண்மாய், புல எண் யாது, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அடைபட்டுள்ளது, மரத்தாலா, மண்ணாலா, ஆக்கிரமிப்பாலா என்பவற்றை எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பார்த்துப் புலப்பட நகலையும் இணையுங்கள். படிகளை மூன்று அலுவலகங்களுக்கும் அனுப்பி, வந்த பதிலை அடுத்த சபையில் உரக்கப் படியுங்கள். பதில் வராவிடில் அதனையும் தீர்மானத்தில் பதியுங்கள்.

காலமும் முக்கியம். ஆகஸ்டில் தீர்மானம் எழுதினால், மதிப்பீடு தயாராகும் முன்பே மழை வந்துவிடும். மார்ச்சு 22 உலகத் தண்ணீர் நாள். அன்றே எழுதிவிட்டால், கோடையில் வட்ட அலுவலகத்தில் நடைபெறும் சமாபந்தியில் அதனையே மனுவாக அளிக்கலாம். ஆக்கிரமிப்பை அகற்ற 2007 ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. வண்டல், கரம்பை எடுத்து வயலில் இட விரும்புவோர்க்கு 2024 முதல் வட்டாட்சியர் நிலையிலேயே அனுமதி கிடைக்க வழி செய்யப்பட்டது. வண்டல் எடுத்தால் கண்மாயும் ஆழமாகும், கரிசலும் வளமாகும்.

இனி அரசியலைப் பற்றி ஒரு சொல். இந்த வட்டாரத்தார்க்கு அரசியல் கற்பிக்க வேண்டியதில்லை. 1977 இல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரான கதையைத் தேநீர்க் கடையில் இன்றும் நேற்று நடந்ததுபோல் பேசுகின்றனர். சென்னையிலும் தில்லியிலும் நடப்பதை அவ்வளவு நுணுக்கமாக ஆராய்வோர், கிராம சபைக்கு வந்தால் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டுவிட்டு எழுந்து போய்விடுகின்றனர். இருப்போரும் தெருவுக்குத் தெரு தனித்தனியே அமர்கின்றனர். ஒரு தெரு கேட்டதை மறு தெரு மறுப்பதும் உண்டு. கண்மாய் வற்றினால் எல்லாத் தெருக் கிணறும் ஒருங்கே வற்றும் என்பதைப் பெண்கள் நன்கு அறிவர். குடத்தோடு நெடுந்தொலைவு நடப்பவர் அவர்களே. அவர்கள் பேசிய சபைகளில்தான் பயனுள்ள தீர்மானங்கள் எழுந்ததைக் கண்டேன்.

மற்றொன்றையும் கருத வேண்டும். 2016 அக்டோபரில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்த பின், 2019 டிசம்பரில்தான் நம் மாவட்டத்தில் தேர்தல் நடைபெற்றது. இடையில் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். 2025 சனவரியில் பதவிக்காலம் முடிந்தபோதும் பொறுப்பு அவர்களிடமே சென்றது. மன்றத்திற்குக் காலவரையறை உண்டு. சபைக்கு அது கிடையாது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தலைவர் இல்லாத காலத்திலும் ஊரின் குரல் அங்கே பதிவாக வேண்டும்.

காவிரி, வைகை, குண்டாறு இணைப்புத் திட்டத்திற்கு 2021 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த நீர் குண்டாற்றுக்கு வந்து சேரும் நாளிலும், நம் வரத்துக்கால் அடைபட்டிருந்தால் அது நம்மைக் கடந்து கடலுக்கே போகும். ஆதலின் நான் உங்களிடம் வேண்டுவது இதுவே: அடுத்த கிராம சபைக்கு முன் ஒரு நாள், எல்லாத் தெருவினரும் சேர்ந்து, மேலக் கண்மாய் மறுகாலிலிருந்து உங்கள் கண்மாய் வரை வரத்துக்கால் நெடுக நடந்து பாருங்கள். கண்டதைக் கண்டபடி எழுதிக்கொண்டு சபைக்கு வாருங்கள். அந்தத் தாளே உங்கள் தீர்மானம் ஆகும்.