கட்டச் சொன்னவர் காசு கொடுக்கட்டும்

தோழர்களே, கடையிலிருந்து நேராக, வீங்கிய காலோடு வந்திருக்கும் தங்கச்சிகளே! பத்து மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

ஆடித் தள்ளுபடி என்று ஊரையே கூவி அழைத்த ஒரு ஜவுளிக்கடை, அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்கு இரண்டு சீருடைச் சேலையைக் கொடுத்து, முழு விலையையும் சம்பளத்தில் பிடித்திருக்கிறது. ஊருக்கெல்லாம் தள்ளுபடி, அவளுக்கு மட்டும் பிடித்தம்! "ஏன் சார்?" என்று கேட்டாள். நாளையிலிருந்து வராதே என்றுவிட்டார்கள்.

சீருடை இல்லாவிட்டால் விற்பவர் யார், வாங்குபவர் யார் என்றே தெரியாதாம்! ஐயா, கால் கடுக்க நிற்பவர் விற்பவர். இது தெரியாதா? உட்கார இருக்கை கொடு என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியாயிற்று. நாற்காலி இன்னும் மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான் போடுகிறார்கள்!

சீருடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டச் சொல்கிறாயா? காசை நீ கொடு.

அது என்ன பட்டா? உடம்போடு ஒட்டுகிற பாலியஸ்டர். தோளில் பின் குத்தியிருக்கிறதா, மடிப்பு சரியா என்று காலையில் வரிசையில் நிறுத்திப் பார்க்கிறார் சூப்பர்வைசர். மழைக்காலத்தில் விடுதியில் இரவு துவைத்தது விடிவதற்குள் காயுமா? ஈரக் கரையோடு கட்டிக்கொண்டு ஓடி வருகிறாள். பையன்களுக்குப் பாக்கெட் இல்லாத பேன்ட். திருடுவான் என்று சந்தேகப்பட்டுத் தைத்த பேன்ட்டுக்குத் தையல்கூலியும் அவன் சம்பளத்திலா? வெட்கமாக இல்லை?

2014 ஜூலையில், வேட்டி கட்டி வந்தார் என்று உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனைச் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்கக் கிளப்பில் உள்ளே விடவில்லை. வேட்டிக்குத் தடை போடக் கூடாது என்று ஆகஸ்டிலேயே சட்டம் வந்துவிட்டது. நல்ல சட்டம், நானும் கைதட்டினேன். ஆனால் நீதிபதியின் வேட்டிக்கு ஒரு மாதம் போதுமென்றால், இவள் சேலைக்கு எத்தனை ஆண்டு?

2019-ல் தலைமைச் செயலக ஊழியருக்கு உடை விதி போட்டார்கள். பெண்கள் சேலை கட்டலாம், துப்பட்டாவோடு சுடிதாரும் போடலாம். கோட்டையில் கோப்பு பார்ப்பவருக்குச் சுடிதார் ஆகும்; ஏணியில் ஏறி மேல்தட்டுச் சேலையை எடுத்துப் போடுகிறவளுக்கு ஆகாதா? விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவையும் பிடிப்பீர்களா? பிடிப்பீர்கள், நீங்கள் பிடிப்பீர்கள்!

திங்கட்கிழமை காலை தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகிறோம். பிடித்த காசைத் திருப்பிக் கொடு, அந்தப் பெண்ணுக்கு வேலையைக் கொடு. சம்பளச் சீட்டு இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். சீட்டே தராத கடையா? அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வாருங்கள்.