“பசியாறியாச்சா?” – ஆங்கிலத்தின் நிறைவுக் காலம்



நெகிரி செம்பிலான் தோட்டங்களில் யார் வீட்டு வாசலை மிதித்தாலும் முதலில் காதில் விழும் கேள்வி, “பசியாறியாச்சா?” என்பதுதான். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் “சுடா மாக்கான்?” என்பார். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று இருவருமே விசாரிக்கவில்லை. இப்போது வயிறு நிறைந்திருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். முடிந்துபோன ஒரு செயலை இந்த வேளையோடு முடிச்சுப் போடும் இந்தப் பேச்சுமுறையே ஆங்கிலத்தில் ‘பெர்ஃபெக்ட் டென்ஸ்’. இங்கே ‘பெர்ஃபெக்ட்’ என்றால் குற்றமற்றது என்று பொருளல்ல; நிறைவேறியது என்று பொருள்.

“பசியாறியாச்சா?” என்பதை “ஹேவ் யூ ஈட்டன்?” என்று கேட்கவேண்டும். ‘ஹேவ்’ முன்னே வர, வினையின் மூன்றாம் வடிவம் பின்னே வரும். ஈட், ஏட், ஈட்டன். கோ, வென்ட், கான். இவற்றில் கடைசியில் நிற்பதே மூன்றாம் வடிவம். அவன், அவள், அது என்றால் ‘ஹேவ்’ என்பது ‘ஹேஸ்’ ஆகிவிடும்.

இதை ஏன் கற்கவேண்டும்? ஒரு மகள், வீட்டுக் கூரையைப் பழுதுபார்க்கக் கோரித் தோட்ட அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தந்தை 22 ஆண்டுகளாக அங்கே வேலை செய்கிறார். அவள் “மை ஃபாதர் வர்க்ட் ஹியர் ஃபார் 22 இயர்ஸ்” என்று எழுதிவிட்டாள். படிப்பவர் என்ன நினைப்பார்? வேலை செய்தார், இப்போது இல்லை என்று நினைப்பார். தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கூரையைக் கேட்கப் போய், வீட்டையே கேள்விக்குறியாக்கிவிடலாம்!

“மை ஃபாதர் ஹேஸ் வர்க்ட் ஹியர் ஃபார் 22 இயர்ஸ்” என்று எழுதினால், அன்று தொடங்கி இன்றும் செய்கிறார் என்பது விளங்கும். தமிழில் ‘செய்கிறார்’ என்கிறோமே என்று “இஸ் வர்க்கிங்” போட்டுவிடாதீர்கள். கால அளவைச் சொல்லும்போது ‘ஹேஸ்’ வேண்டும்.

இன்னொரு விதி. முடிந்துபோன நாளைக் குறித்துச் சொன்னால் ‘ஹேவ்’ கூடாது. ‘யெஸ்டர்டே’ வந்தால் “ஐ சா ஹிம் யெஸ்டர்டே” என்பதே சரி. மலாயா 1957இல் சுதந்திரம் அடைந்தது. “மலாயா பிகேம் இண்டிபெண்டன்ட் இன் 1957.” அது அன்றோடு முடிந்த நிகழ்ச்சி. அந்தச் சுதந்திரம் இன்றும் தொடர்கிறது என்று சொல்லவேண்டுமா? “வீ ஹேவ் பீன் இண்டிபெண்டன்ட் சின்ஸ் 1957.” தொடங்கிய காலத்துக்கு ‘சின்ஸ்’, கால அளவுக்கு ‘ஃபார்’.

கடந்த காலத்தில் இரண்டு செயல்கள் நடந்திருந்தால், முந்தியதற்கு ‘ஹேட்’ போடுங்கள். “தி பஸ் ஹேட் லெஃப்ட் வென் வீ ரீச்ட் பாஹாவ்.” நாம் பாஹாவை அடையுமுன்பே பேருந்து போய்விட்டது. ‘ஹேட்’ இல்லாமல் “லெஃப்ட்” என்று மட்டும் சொன்னால், நாம் போய்ச் சேர்ந்ததும் புறப்பட்டது என்றாகிவிடும்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. இன்றிரவு பிள்ளையிடம், “இன்று என்னென்ன செய்து முடித்தாய்?” என்று கேளுங்கள். “ஐ ஹேவ்” என்று தொடங்கி ஐந்து வாக்கியம் சொல்லட்டும். நாள்தோறும் கேட்டுவந்தால், நாளைக்கு எழுதும் கடிதத்தில் பிழை வராது.