தொட்டி மாறிய செடி



நர்சரியில் தளதளவென்று நின்ற பீஸ் லில்லி, வீட்டுக்கு வந்து பெரிய தொட்டிக்கு மாறிய இரண்டு மூன்று நாளில் இலைகளைத் தொங்கப்போட்டுவிடுகிறது. மண்ணைத் தொட்டால் ஈரம் இருக்கிறது. செடியோ வாடிக் கிடக்கிறது. வளர்ப்பவர் பதறிப்போய் இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறார். மறுநாள் ஒரு கைப்பிடி உரமும் போடுகிறார். அடுத்த சில நாளில் அடித்தண்டு கொழகொழத்துவிடுகிறது. தொட்டி மாற்றிய செடிகள் பலவும் சாவது இப்படித்தான்.

ஈர மண்ணில் நிற்கும் செடிக்கு ஏன் இந்தத் தாகம்?

தண்ணீரைப் பெரும்பாலும் உறிஞ்சுவது கண்ணுக்குத் தெரியும் தடித்த வேர்கள் அல்ல. நுனிவேர்களில் பூஞ்சைபோல் படர்ந்திருக்கும் வேர்த்தூவிகளே அந்த வேலையைச் செய்கின்றன. அமெரிக்கத் தாவரவியலாளர் ஹோவர்ட் டிட்மர், நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை தானியச் செடியின் வேர்களை ஆராய்ந்து 1937-இல் கணக்கு வெளியிட்டார். வேர்களின் மொத்த நீளம் 600 கிலோமீட்டருக்கு மேல். வேர்த்தூவிகள் சுமார் 1,400 கோடி! இவ்வளவு நுண்ணிய தூவிகள், பழைய மண்ணை உதறும்போதே அறுந்துபோகின்றன. மிச்சம் இருப்பவை காற்றுப் பட்டுக் காய்கின்றன.

இலைகள் மட்டும் எப்போதும்போல் நீராவியை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அது எவ்வளவு என்பதை இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ், தொட்டியில் வளர்ந்த சூரியகாந்தியைக் காலையும் மாலையும் நிறுத்துப் பார்த்தே கண்டுபிடித்தார். ஒரு பகலில் அது சராசரியாக அரை கிலோவுக்கு மேல் தண்ணீரை இழந்ததாக 1727-இல் வந்த அவருடைய நூல் சொல்கிறது. வரவு நின்று செலவு மட்டும் தொடர்ந்தால் செடி வாடத்தானே செய்யும்?

ஆகவே முதல் வைத்தியம், செலவைக் குறைப்பது. வெளிச்சம் வரும், ஆனால் வெயில் நேராக விழாத ஜன்னலோரம் போதும். மின்விசிறிக் காற்றும் ஏசி காற்றும் படக்கூடாது. ரொம்பவும் வாடியிருந்தால், நிழலில் வைத்து, கண்ணாடிபோன்ற பாலித்தீன் உறையால் செடியைத் தளர்வாக மூடி, தினமும் சற்று நேரம் திறந்துவிடலாம். உள்ளே காற்று ஈரமாக இருப்பதால் இலை தண்ணீரை இழப்பது குறையும்.

தண்ணீர் விடுமுன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் சொம்பைக் கீழே வைத்துவிடுங்கள். வேருக்குத் தண்ணீர்போலவே காற்றும் வேண்டும். மண் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும். உரம் இப்போது வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு, காயம்பட்ட வேரை மேலும் கருக்கும்.

தொட்டியின் அளவும் கவனிக்கவேண்டியது. பழையதைவிட ஓரிரு அங்குலம் அகலம் கூடினால் போதும். சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணெல்லாம் நாள்கணக்கில் நனைந்தே கிடக்கும். அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் ஜல்லிக்கு மேலுள்ள மண் ஈரத்தால் நிறைந்த பிறகுதான் தண்ணீர் கீழே இறங்கும். அதனால் ஈரம் வேருக்குப் பக்கத்தில்தான் தேங்குகிறது. தேவை, அடைபடாத ஓட்டை. மண்ணோடு தென்னை நார்க்கழிவு கலப்பவர்கள் அதைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, உப்பை வெளியேற்றிவிட்டுக் கலக்கவேண்டும்.

இவ்வளவு செய்தும் வாட்டம் கூடிக்கொண்டே போனால், செடியை மெல்லக் கவிழ்த்து வேரைப் பார்த்துவிடுவதே நல்லது. வெளிர்நிறமாகவும் உறுதியாகவும் இருக்கும் வேர் பிழைக்கும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும், நாற்றம் அடிக்கும். விரலால் லேசாக இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று, நடுவில் ஒரு நூல் மட்டும் மிஞ்சும். அந்த வேர்களைச் சுத்தமான கத்தரியால் நறுக்கிவிட்டு, புது மண்ணில், முன்னதைவிடச் சிறிய தொட்டியில் நடவேண்டும்.

ஃபைகஸ் போன்ற செடிகள் இடம் மாறினாலே இலைகளைக் கொட்டிவிடும். மொட்டைக் குச்சியாக நிற்கிறதே என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. நாலைந்து வாரம் பொறுத்திருங்கள். புதுத் துளிர் வந்தபிறகு, பாதி அளவு உரத்தில் தொடங்குங்கள்.